மருத்துவம் வளர்த்த மன்னர்

காவிரி பல கிளைகளாகப் பிரிந்து பாயும் நாடு தஞ்சை நாடு. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என ஆறுகள் பெயர் மாறினும் அவை ஊட்டுவது ஒரே மண்ணைத்தான். குறுவையும் சம்பாவும் தாளடியும் மாறி மாறி விளையும் அம்மண்ணில் பசிக்கு இடமில்லை என்பர். ஆயினும் பசியை வென்ற அந்நாட்டாராலும் வெல்ல இயலாத பகை ஒன்று இருந்தது. அறுவடை முடிந்து, வயல்கள் காய்ந்து, பங்குனி வெயில் தொடங்கும் காலத்தில் அப்பகை ஊருக்குள் நுழையும். செல்வர் மாளிகை, ஏழை குடிசை என்னும் வேறுபாடு அதற்கில்லை. அதுவே பெரியம்மை என்னும் வைசூரி. கொடிய வகைப் பெரியம்மை கண்டவருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மாண்டனர். பிழைத்தோர் பலர் முகமெல்லாம் தழும்பு பெற்றனர். சிலர் கண்ணொளி இழந்தனர்.

இக்கொடிய நோயைத் தடுக்கும் புதிய வழி ஒன்று கடல் கடந்து வந்தபோது, நாட்டு மக்கள் அதனை ஐயத்துடன் நோக்கினர். அக்காலத்தில் தஞ்சையில் அரியணையில் இருந்தவர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி ஆவார். பழமையையும் புதுமையையும் ஒருசேரப் போற்றிய அவருடைய வாழ்வு கற்பாருக்குப் பெரிதும் பயன் தருவதாகும்.

இளமையும் கல்வியும்

சரபோஜி 1777ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள் போன்சலே குலத்தில் பிறந்தார். அவர் நான்கு வயதுச் சிறுவராய் இருந்தபோது, 1781இல் ஹைதர் அலியின் படைகள் தஞ்சை நாட்டில் புகுந்து பேரழிவு செய்தன. வயல்கள் பாழாயின, மக்கள் ஊரைவிட்டு ஓடினர், பஞ்சமும் நோயும் பின்தொடர்ந்தன. அத்துன்பங்களுக்கு இடையே ஆட்சி செய்தவர் துளஜா மன்னர். தம் மக்களை எல்லாம் இழந்து வருந்திய அவர், 1787இல் தம் இறுதி நாள்களில் சிறுவர் சரபோஜியைத் தத்து எடுத்துக்கொண்டார். ஸ்வார்ட்ஸ் என்னும் செர்மானியப் பாதிரியாரை அழைத்துச் சிறுவரின் நலத்தைக் காக்குமாறு வேண்டிய பின்னர் உயிர் நீத்தார்.

ஆனால், துளஜாவின் தம்பியாகிய அமர்சிங்கு அரசைக் கைப்பற்றினார். தத்து எடுத்தது செல்லாது என்று அவர் பக்கத்தார் வாதிட்டனர். சிறுவர் சரபோஜி அரண்மனையின் ஒரு பகுதியில் அடைபட்டுக் கல்வியின்றி வாடினார். இதனை அறிந்த ஸ்வார்ட்ஸ் சென்னையிலிருந்த கும்பினி அரசினருக்கு முறையிட்டார். அதன் பயனாய் 1793இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டு அங்குக் கல்வி பயின்றார். மராத்தியும் வடமொழியும் தமிழும் தெலுங்கும் கற்றதோடு ஆங்கிலத்திலும் தேர்ச்சி எய்தினார். அரசுரிமை பற்றிய வழக்கு மீண்டும் ஆராயப்பட்டது. தத்து செல்லும் என்று முடிவாயிற்று. 1798இல் சரபோஜி தஞ்சை அரியணை ஏறினார். அவரைத் தந்தைபோல் காத்த ஸ்வார்ட்ஸ் அதே ஆண்டின் தொடக்கத்தில் மறைந்துவிட்டார். தம் ஆசானின் நினைவாகச் சலவைக்கல்லால் ஆன சிற்பம் ஒன்றை இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு சரபோஜி செய்வித்தார். தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவின் அருகிலுள்ள தேவாலயத்தில் அது விளங்குகிறது. சமயத்தால் வேறுபட்ட ஒருவரைக் குருவாகப் போற்றிய இப்பண்பு, பின்னாளில் அவர் செய்த செயல்களுக்கெல்லாம் அடிப்படையாக அமைந்தது.

நாடு போயிற்று, அறம் நின்றது

முடி சூடிய மறு ஆண்டிலேயே சரபோஜி பேரிழப்பு ஒன்றை ஏற்க நேர்ந்தது. 1799ஆம் ஆண்டு அக்டோபரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி தஞ்சை நாட்டின் ஆட்சி முழுவதும் கும்பினியார் கைக்குச் சென்றது. மன்னருக்கு எஞ்சியவை தஞ்சைக் கோட்டையும், ஆண்டுதோறும் ஓர் இலட்சம் வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே ஆகும். வரி தண்டவோ, படை திரட்டவோ, குற்றவாளியைத் தண்டிக்கவோ கோட்டைக்கு வெளியே அவருக்கு அதிகாரம் இல்லை.

அந்நிலையிலும் அவர் விடாது பற்றிய பொருள் ஒன்று உண்டு. அது சத்திரம். தஞ்சையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியில் மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் பலவற்றைக் கட்டியிருந்தனர். 1801இல் கும்பினியின் ரெசிடென்டாய் இருந்த டோரின் என்பவருக்கு அவற்றைக் குறித்துச் சரபோஜி கடிதம் ஒன்று எழுதினார். சாதி சமய வேறுபாடின்றி வழிப்போக்கர் அனைவருக்கும் அங்கே உணவு அளிக்கப்படுவதையும், நோயுற்றோருக்கு மருந்தும் பத்திய உணவும் தரப்படுவதையும், கருவுற்ற பெண்டிரும் பெற்றோரை இழந்த குழந்தைகளும் பேணப்படுவதையும் அதில் விளக்கி, அவ்வறங்களுக்கு ஊறு நேராவண்ணம் காக்குமாறு வேண்டினார். நாட்டை இழந்தபோதும் நோயாளியின் கஞ்சியை இழக்க அவர் உள்ளம் ஒருப்படவில்லை. ஒரத்தநாட்டில் அவர் நிறுவிய முத்தாம்பாள் சத்திரம் அன்னசாலையாக மட்டுமின்றிக் கல்விச்சாலையாகவும் விளங்கியது.

தன்வந்திரி மகால்

மருத்துவக் கடவுளாகப் போற்றப்படும் தன்வந்திரியின் பெயரால் சரபோஜி ஒரு மருத்துவ நிலையம் அமைத்தார். சித்த மருத்துவரும், ஆயுர்வேதியரும், யுனானி மருத்துவரும், ஐரோப்பிய மருத்துவம் கற்றவரும் அங்கு ஒரே கூரையின்கீழ்ப் பணிபுரிந்தனர். மருந்துகள் ஆராயப்பட்டன, பயன் தந்தவை ஏட்டில் எழுதப்பட்டன. அனுபவத்தில் தேர்ந்த முறைகளைப் புலவர்கள் செய்யுளாக இயற்றினர். அவை சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரால் பின்னாளில் அச்சேறின.

மன்னருக்குக் கண் மருத்துவத்தில் தனி ஈடுபாடு இருந்தது. கண்நோயாளரின் நோய் வரலாறு, அளித்த மருத்துவம், நோய் தணிந்த விதம் ஆகியவை நாள்வாரியாகக் குறிக்கப்பட்டன. நோயுற்ற கண்களின் வண்ண ஓவியங்களும் அக்குறிப்புகளுடன் சேர்க்கப்பட்டன. கேட்டதை நம்புவதினும் கண்டதைக் குறித்து வைத்து ஆராய்வதே மருத்துவத்துக்கு அடிப்படை என்னும் கருத்து அவ்வேடுகளில் விளங்குகிறது.

கடல் கடந்து வந்த தடுப்பு முறை

பெரியம்மை ஒருமுறை கண்டு பிழைத்தவருக்கு அது மீண்டும் வருவதில்லை என்பதை மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். இங்கிலாந்தில் பால் கறக்கும் பெண்கள், பசுவின் மடியில் தோன்றும் எளிய அம்மை தங்கள் கைகளில் ஒட்டியபின் பெரியம்மைக்கு ஆளாவதில்லை என்று கூறி வந்தனர். எட்வர்டு ஜென்னர் என்னும் மருத்துவர் இதனை ஆராயத் துணிந்தார். 1796ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் அப்பசு அம்மையின் நீரை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் கையில் கீறி வைத்தார். பின்னர்ப் பெரியம்மை நீரையே அவனுக்கு ஏற்றியபோதும் நோய் தோன்றவில்லை. இவ்வாறு அம்மை குத்துதல் என்னும் முறை பிறந்தது.

அந்நீரை வெப்ப நாடுகளுக்குக் கொண்டு செல்வது அரிய செயலாய் இருந்தது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம் அது. நெடும்பயணத்தில் நீர் கெட்டுவிடும். ஆதலின் ஒரு குழந்தையின் கையில் குத்தி, எட்டு நாளில் கொப்புளம் முற்றியதும் அதன் நீரை எடுத்து அடுத்த குழந்தைக்கு வைத்து, இவ்வாறு கைக்குக் கை மாற்றிக் கொண்டு சென்றனர். 1803இல் ஸ்பெயின் நாட்டார் தாய் தந்தையற்ற சிறுவர் பலரைக் கப்பலில் ஏற்றி இம்முறையிலேயே அமெரிக்கக் கண்டத்துக்கு அதனை அனுப்பினர். இந்தியாவில் முதன்முதலாக 1802ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு அம்மை குத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே அது சென்னைக்கும் இலங்கைக்கும் பரவியது.

பிளவுபட்ட நாடு

புதிய முறையை மக்கள் எளிதில் ஏற்கவில்லை. அவர்களை அறியாமை மிக்கவர் என்று இகழ்ந்து ஒதுக்குதல் முறையன்று. அவர்களின் தயக்கத்துக்குக் காரணங்கள் இருந்தன.

முதலாவது, அம்மை என்பது தாய். அது மாரியம்மனின் வருகை என்றே தமிழ் மக்கள் கருதினர். அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகினர். அயலார் உள்ளே வாராமல் தடுத்தனர். வீட்டார் வெளியே செல்லாமல் அடங்கியிருந்தனர். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை தூய்மை காத்தனர். நோய் பிறருக்குப் பரவாமல் தடுக்கும் நல்வழியும் அவ்வழக்கங்களில் அடங்கியிருந்தது. தாயின் வருகையைக் கத்தியால் தடுப்பது அவளைச் சினமூட்டும் என்று பலர் அஞ்சினர்.

இரண்டாவது, ஒரு குழந்தையின் உடல்நீரை மற்றொரு குழந்தையின் உடலில் சேர்ப்பது பலருக்கு அருவருப்பாய் இருந்தது. சாதி பற்றிய கட்டுகள் இறுகியிருந்த அக்காலத்தில் அது பெருந்தடையாயிற்று. கைக்குக் கை மாற்றுவதால் வேறு நோய்கள் ஒட்டக்கூடும் என்னும் அச்சத்தில் உண்மையும் இருந்தது.

மூன்றாவது காரணம் அரசியல். அம்மை நீர் சென்னைக்கு வந்த ஆண்டுக்கு முந்திய ஆண்டாகிய 1801இல்தான் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். பாளையக்காரர் கோட்டைகள் இடிபட்ட புழுதி அடங்கவில்லை. 1806இல் தலைப்பாகையையும் சமயச் சின்னங்களையும் மாற்றுமாறு பிறந்த ஆணையால் வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நாட்டைக் கவர்ந்த கைகளே மருந்தையும் நீட்டின. கையில் விழும் தழும்பு கும்பினியார் இடும் முத்திரையோ என்ற ஐயம் இந்நாட்டின் பல பகுதிகளில் எழுந்தது. மருந்தின் குணத்தை ஆராயுமுன் மருந்து தருபவர் யார் என்பதையே மக்கள் ஆராய்ந்தனர்.

அதிகாரிகளும் பல வழிகளைக் கையாண்டனர். சென்னையில் சுவாமி நாயக்கர் என்னும் நாட்டு மருத்துவர் அம்மை குத்தும் பணியில் முன்னின்று பெயர் பெற்றார். மைசூர் அரசியர் மூவரைத் தீட்டிய 1805ஆம் ஆண்டளவான ஓவியம் ஒன்று, அம்மை குத்துதலைப் பரப்பும் நோக்கில் எழுந்தது என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். தமிழறிஞராகிய எல்லீசரோ சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதுபோல் ஒரு நூல் எழுதினார். பசுவின் அம்மை தெய்வம் தந்த கொடை என்பது அதன் கருத்து. நோக்கம் நன்றாயினும், பழங்கதைபோல் ஒன்றைப் புனைந்து மக்களை இணங்கச் செய்வது தகுமா என்னும் வினா அதில் எழாமல் இல்லை.

சரபோஜியின் வழி

இத்தகைய பிளவுக்கிடையே அம்மை குத்தும் முறைக்கு ஆதரவளித்த இந்திய மன்னருள் சரபோஜியும் ஒருவர். அவர் ஆதரவுக்குத் தனி மதிப்பு உண்டு. அவரிடம் கட்டளையிடும் அதிகாரம் இல்லை. வரி அலுவலரோ காவலரோ இல்லை. எவரையும் அச்சுறுத்தி இணங்கச் செய்ய அவரால் இயலாது. அவரிடம் எஞ்சியிருந்த செல்வம் மக்களின் மதிப்பு ஒன்றே.

அம்மதிப்பு எங்கிருந்து வந்தது? தஞ்சைக்குக் கிழக்கே புன்னைநல்லூரில் மாரியம்மன் கோயில் உள்ளது. துளஜா மன்னர் ஒருவரின் மகள் அம்மை நோயால் மங்கிய கண்பார்வையை அங்கு மீண்டும் பெற்றாள் என்று அக்கோயில் வரலாறு கூறும். அக்கோயிலுக்கு மண்டபமும் பிறவும் எடுத்துத் திருப்பணி செய்தவர் சரபோஜி. பெரிய கோயிலின் சுவரில் தம் குலவரலாற்றை மராத்தியில் பொறிக்கச் செய்தவரும் அவரே. மாரியம்மனை வணங்கிய கைகளே அம்மை குத்தும் முறையையும் வரவேற்றன. அவருக்கு இவ்விரண்டும் முரணாகத் தோன்றவில்லை. தெய்வத்தைக் கைவிட்டால்தான் மருத்துவத்தை ஏற்கலாம் என்று அவர் கூறவில்லை; மருத்துவத்தை மறுத்தால்தான் தெய்வத்துக்கு அன்பர் ஆகலாம் என்றும் அவர் எண்ணவில்லை. தன்வந்திரி மகாலில் நாட்டு மருத்துவர் இகழப்படவில்லை. ஐரோப்பிய மருத்துவர் வணங்கப்படவுமில்லை. இருவரும் நோயாளியின் பொருட்டு உழைத்தனர்.

சரபோஜி கும்பினியாரோடு மிகுதியும் இணங்கிப் போனவர் என்று குறை கூறுவாரும் உளர். நெப்போலியனை வென்ற ஆங்கிலேயரின் வெற்றியைக் கொண்டாட மல்லிப்பட்டினத்தின் அருகே கடற்கரையில் மனோரா என்னும் கோபுரத்தை அவர் எழுப்பியதை அவர்கள் எடுத்துக்காட்டுவர். அக்குறையை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஆங்கிலேயரிடமிருந்து வந்தது என்பதற்காக ஒரு நன்மையை அவர் தள்ளவில்லை; அவர்களிடமிருந்து வந்தது என்பதற்காகவே எதையும் கொள்ளவுமில்லை. ஆராய்ந்து பார்த்தே கொண்டார்.

பிற்கால வரலாறு

அம்மை குத்துதல் பற்றிய பூசல் தஞ்சை நாட்டோடு நின்றதன்று. ஜென்னர் பிறந்த இங்கிலாந்திலேயே, அம்மை குத்தியவர் உடலில் பசுக்கள் முளைப்பதாகக் கேலிச்சித்திரம் தீட்டினர். 1853இல் அங்கு அம்மை குத்துதல் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. மறுத்தவர் தண்டம் செலுத்தினர், சிறையும் சென்றனர். 1885இல் லெஸ்டர் நகரில் பெருந்திரளானோர் கூடி அச்சட்டத்தை எதிர்த்தனர். 1898இல் மனச்சான்றின்படி மறுப்போருக்கு விலக்கு அளிக்க அரசு இசைந்தது. இந்தியாவில் 1880இல் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. காந்தியடிகள் அம்மை குத்துதலை ஏற்கவில்லை. 1955இல் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியை இராசாசி எதிர்த்தார். சான்றோர்களும் இத்துறையில் கருத்து வேறுபட்டனர் என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் இறுதித் தீர்ப்பைக் காலமே வழங்கியது. ஊர்தோறும் சென்ற தடுப்புப் பணியாளரின் உழைப்பால் இந்தியாவில் 1975க்குப் பின்னர்ப் பெரியம்மை காணப்படவில்லை. 1980இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. மாந்தர் முயற்சியால் முற்றும் ஒழிக்கப்பட்ட முதல் மனித நோய் அதுவே.

2020இல் கொரோனாப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தபோது பழைய பூசல் புதிய உருவில் தோன்றியது. முகக்கவசம் அணிவதும் தடுப்பூசி செலுத்திக்கொள்வதும் அமெரிக்கா முதலிய நாடுகளில் கட்சிச் சின்னம்போல் ஆயின. இந்தியாவில் 2021 சனவரி 16ஆம் நாள் தடுப்பூசிப் பணி தொடங்கியபோது இங்கும் முதலில் தயக்கம் இருந்தது. இருநூறு ஆண்டுகள் கடந்தும், மருந்தினும் மருந்து தருபவர்மீது உள்ள நம்பிக்கையே முதலில் எடைபோடப்பட்டது.

இறுதிக் காலம்

சரபோஜி தம் அரண்மனை நூலகத்தைப் பெருக்கினார். 1820இல் பெரும் பரிவாரத்துடன் காசிக்குப் புறப்பட்ட அவர், வழியெங்கும் நீராடிய துறைகளில் எல்லாம் ஏடுகளையும் தேடினார். ஐரோப்பிய மொழி நூல்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. தேவநாகரி எழுத்தில் நூல்களை வெளியிட அச்சகம் ஒன்றும் நிறுவினார். சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடிய சிவக்கொழுந்து தேசிகரும், கிறித்தவக் கவிஞராகிய வேதநாயக சாத்திரியாரும் அவர் அவையில் சிறப்புப் பெற்றனர். 1826இல் தஞ்சைக்கு வந்த ஹீபர் என்னும் ஆங்கிலப் பேராயர் மன்னரின் கல்வியையும் பண்பையும் கண்டு வியந்து பாராட்டினார்.

1832ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7ஆம் நாள் சரபோஜி மறைந்தார். அவருக்குப்பின் ஆண்ட இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண்மகவின்றி இறக்கவே, தஞ்சை மராட்டியர் அரசு முடிவுற்றது. அரசு மறைந்தது, ஆனால் ஏடுகள் மறையவில்லை. 1918இல் சரசுவதி மகால் நூலகம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. கண்நோயாளர் ஓவியங்களும், சத்திரக் கணக்குகளும், மருந்து முறைகளும் அங்குப் பாதுகாக்கப்படுகின்றன.

வாள் ஏந்தி நாட்டை விரித்த மன்னர் பலர் உளர். நாட்டை இழந்த பின்னரும் மக்களின் நலத்தைத் தம் கடமையாகக் கொண்ட மன்னர் சிலரே. நோய் வந்த காலத்தில் மக்கள் நாடுவது அறிஞரின் வாதத்தையும் அதிகாரியின் ஆணையையும் மட்டும் அன்று. தம் வழக்கத்தை மதித்து, தம் பசியைத் தணித்து, தம்மோடு நின்ற ஒருவரின் சொல்லையும் அவர்கள் எதிர்நோக்குகின்றனர். அச்சொல்லுக்கு உரியவராகத் தம்மை ஆக்கிக்கொண்டதே சரபோஜி மன்னரின் பெருமையாகும்.